நாலு கடை தாண்டுவதற்குள்

கால் இடிக்கிறதா? கொஞ்சம் என் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். பெட்டிதான் பெரிது, கனம் இல்லை. கண்டக்டரோடு நான் போட்ட சண்டையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? "லக்கேஜ் போடணும் ஆச்சி" என்றான். மடியில் வைத்துக்கொள்கிற பெட்டிக்கு என்ன லக்கேஜ் என்றேன். "பெட்டி மடியில இருக்கு, மடி சீட்டுல இருக்கு, சீட்டு கவர்மெண்டுது" என்றான். வாய்க்குக் குறைச்சல் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து படி வரைக்கும் போனேன். கூப்பிட்டானா இல்லையா? "சரி சரி, வந்து உக்காருங்க ஆச்சி" என்று கூப்பிட்டானா இல்லையா? அவ்வளவுதான் வித்தை. எழுந்து போகத் தெரிய வேண்டும். நிஜமாகவே போய்விடுவாள் என்று எதிராளி நினைக்கிற மாதிரிப் போக வேண்டும்.

நீங்கள் தென்காசியா? நான் பாவூர்சத்திரத்தில் இறங்கிவிடுவேன். என் தம்பி வீடு அங்கே. பெட்டியில் இருப்பது அவனுக்குத்தான். காற்று மெத்தை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்குப் போடுவார்களே, பார்த்திருப்பீர்கள். சின்ன மோட்டார் ஒன்று இருக்கும். மெத்தை முழுக்கக் குமிழ் குமிழாக இருக்கும். ஒரு வரிசை உப்பும்போது பக்கத்து வரிசை வற்றும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது, புண் வராது. நல்ல யோசனை. யார் கண்டுபிடித்தானோ, அவன் அம்மா கிடையில் கிடந்திருப்பாள்.

தம்பி பெண்டாட்டி என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் வாசலோடு சரி. நான் தூக்கி வளர்த்த பிள்ளையை நான் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு எப்படியும் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. உங்களுக்கு அந்தப் பக்கமும் வேண்டியதில்லை, இந்தப் பக்கமும் வேண்டியதில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் செய்ததில் என்ன தப்பு?

என் பெயர் சண்முகவடிவு. பாளையங்கோட்டையில் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்தவள். அங்கே பேரம் கிடையாது. அட்டையில் எழுதினதுதான் விலை. வருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், அவன் என் முகத்தைப் பார்க்க வேண்டாம். பகல் முழுக்க அப்படி வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, சாயங்காலம் டவுனுக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காவது பேரம் பேசினால்தான் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கும்.

எல்லாம் அம்மாவிடம் படித்தது. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ரத வீதியில் நடந்தால் ஒரு படை போகிற மாதிரி இருக்கும். வேண்டியதைத் தொடாதே என்பாள். தொட்டால் விலை ஏறிவிடும். வேண்டாத இரண்டை எடுத்துப் புரட்டு. போகிற போக்கில் வேண்டியதன் விலையைக் கேள், அதுவும் அதைப் பார்க்காமல் கேள். அவன் சொன்னதும் நடந்துவிடு. நாலு கடை தாண்டுவதற்குள் கூப்பிடுவான். கூப்பிடும் வரைக்கும் திரும்பிப் பார்க்கக் கூடாது. "திரும்புனா தீந்துச்சு" என்பாள்.

ஆனித் தேரோட்டத்தின்போது கடை போடுவார்களே, அதில் ஒரு தகரப் படகு. உள்ளே திரி கொளுத்தி வைத்தால் தண்ணீர்த் தொட்டியில் டுப் டுப் என்று தானாகச் சுற்றும். என் தம்பி அதை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "எக்கா, எக்கா, இது" என்றான். போச்சு. அம்மா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, படகைப் பிடுங்கி வைத்துவிட்டு நடந்தாள். நாலு கடை தாண்டினோம். ஐந்தாவது கடையும் தாண்டினோம். கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவான்? பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துவிட்டானே. அவர்களே திரும்பி வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தான். நாங்கள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு தம்பி எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அம்மா அப்படிப் பழக்கிவிட்டாள்.

அவன் பெயர் கோமதிநாயகம். நாயகம் என்றுதான் கூப்பிடுவது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையாததை நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை, தம்பியைப் படிக்க வைத்தேன். படிப்பு ஏறவில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்துக்கொடுத்தேன். அது ஏறிவிட்டது. பக்கத்து ஊர்த் தக்காளி, கத்திரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் அவன் தராசு ஏறித்தான் லாரி ஏறும். நான் பேரத்தைப் பற்றிப் பேசினால் சிரிப்பான். "எக்கா, உன் சேலை நாளைக்கும் அதே சேலைதான். என் தக்காளி அப்படியா? விலை பாத்துக்கிட்டே உக்காந்தா மத்தியானத்துக்குள்ள தண்ணி விட்டுரும்" என்பான். இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. சரி, விடுங்கள்.

உலகம்மாள், அவன் பெண்டாட்டி, நல்லவள்தான். நான் அப்படி ஒன்றும் குறை சொல்கிற ஆள் இல்லை. பொருள் வாங்கத் தெரியாது, அது ஒன்றுதான். ஒரு தடவை குக்கர் ஒன்று வாங்கி வந்தாள். எவ்வளவு என்றேன். சொன்னாள். நான் போனைத் திறந்து காட்டினேன், அதே குக்கர், அதே கம்பெனி, முந்நூறு ரூபாய் கம்மி. சொல்லிக் காட்டவில்லை, சொன்னேன். பொங்கலுக்குச் சொன்னேன், அவள் அம்மா வந்திருந்தபோது சொன்னேன், பிறகு ஏதோ பேச்சு வந்தபோது ஒரு தடவை. அதிலிருந்து அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டாள். "மதினி கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்பாள். அவ்வளவு மரியாதை.

இந்த வருஷம் வைகாசியில் நாயகத்துக்கு வாதம் அடித்தது. கடையில் சாக்கைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே சரிந்தான். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு கொழகொழவென்று வரும், ஆனாலும் எனக்குப் புரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கை கால் அசைத்துவிட ஒரு பெண் வருவாள். அவள்தான் சொன்னாள், "ஏர் பெட் ஒண்ணு வாங்கிப் போட்டிருங்க, இல்லேன்னா முதுகுல புண்ணு வந்திரும்" என்று. சொன்ன மறுநாளே நானும் உலகுவும் மருந்துக்கடைக்குப் போனோம். நான் தாமதமே செய்யவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளே.

கடைக்காரர் ஏணி போட்டு ஏறி மேலே இருந்த பெட்டியை இறக்கினார். துணியால் தூசி தட்டினார். விலை? நாலாயிரத்து இருநூறு. உலகு பர்ஸைத் திறந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனில் தேடினேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கண்ணால் பார்த்தேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்!

"இருக்கட்டும் மதினி, எறக்கியாச்சு. இன்னைக்கே போட்டிரலாம்லா" என்றாள்.

"ஏட்டி, ஒனக்குப் பணம் என்ன மரத்துலயா காய்க்கு? நான் வாங்கித் தாரேன். என் தம்பிக்கு என் கையால."

கடைக்காரர் மறுபடி ஏணியில் ஏறிப் பெட்டியை இருந்த இடத்தில் வைத்தார். ஏணியில் நின்றபடியே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். லாபம் கைவிட்டுப் போனால் எந்தக் கடைக்காரனும் அப்படித்தான் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கேற்றி, நிதானமாகப் போனைத் திறக்கிறேன். மூவாயிரத்து முந்நூற்றைம்பது. அதே மெத்தை. மத்தியானம் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. மெத்தை என்ன, தக்காளியா? எனக்கு வந்த கோபத்தில் போனையே எறிந்திருப்பேன். ஆனால் கோபத்தை எதிராளி பார்க்கக் கூடாது. மெத்தையைப் போன் கடையின் கூடையில் போட்டேன், வாங்காமல் மூடிவிட்டேன். புரிகிறதா? வேண்டும் என்று கையில் எடுத்துவிட்டு, விலை படியவில்லை என்று நடந்துவிடுவது. அதேதான்.

அடுத்த நாள் டொக்கென்று ஒரு செய்தி. உங்கள் கூடையில் ஒரு பொருள் உங்களுக்காகக் காத்திருக்கிறது. கூப்பிட்டுவிட்டான்! எத்தனை பெரிய கம்பெனி, எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ, என் அம்மா வித்தைக்கு அவனும் கூப்பிட்டுவிட்டான். திறந்து பார்த்தேன். நூறு ரூபாய்தான் இறங்கியிருந்தது. முதல் கூப்பாட்டுக்குத் திரும்புகிறவள் ஏமாளி. மறுபடி மூடினேன். மறுநாள் இருநூறு ஏறிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திறந்து திறந்து பார்ப்பதை அது பார்க்கிறது. இவளுக்கு வேண்டும், வேறு வழியில்லை, வீட்டில் ஆள் கிடக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. படகை நெஞ்சோடு வைத்துக்கொண்ட பிள்ளை மாதிரி நானே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மை. உடனே மாற்றிவிட்டேன். அன்றையிலிருந்து மெத்தையைத் தேடுவதை விட்டுவிட்டு கிரிக்கெட் மட்டை தேடினேன். குழந்தைக் கவுன் தேடினேன். மீன் தொட்டி, மூன்று சக்கர சைக்கிள், பள்ளிக்கூடப் பை. எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில், ஏதோ கை தவறிப் பட்ட மாதிரி, மெத்தைப் பக்கம். ஒரு கண் வீச்சு. உடனே வெளியே.

கொஞ்ச நாளில் என் போன் மாறிவிட்டது. திறந்தால் பிள்ளைச் சட்டையாகக் கொட்டும். பேத்திக்குப் பிறந்தநாளா என்று கேட்கும். எனக்கு ஏது பேத்தி? ஆனால் அது என்னைப் பேரன் பேத்தி எடுத்தவள் என்று நம்பிவிட்டது. சில நாள் அந்தக் கவுன்களை வெறுமனே பார்த்துக்கொண்டு இருப்பேன். இளமஞ்சளில் ஒன்று, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன வாத்துகள். அது வேறு கதை.

எங்கள் குடியிருப்பில் கீழ் வீட்டில் ஜெபக்கனி டீச்சர் இருக்கிறார்கள். அவர்கள் போனில் பார்க்கச் சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் தேவையில்லையே, என்ன விலை காட்டுகிறது பார்ப்போம் என்று. இரண்டாயிரத்து எழுநூறு காட்டியது! என் போனில் அதே நிமிஷம் மூவாயிரத்துக்கு மேல். வேண்டாதவளுக்கு ஒரு விலை, வேண்டியவளுக்கு ஒரு விலை. இதை விட அநியாயம் உண்டா?

"வடிவக்கா, ஆர்டர் போட்டிரட்டா? ஒரு அமுக்குதான்" என்றார்கள் டீச்சர்.

"அவசரப்படாதீங்க டீச்சர். ஆடி வருது. ஆடித் தள்ளுபடி போடாத கடை உண்டா?"

"ஆடி வருதுன்னு ஒங்க தம்பி முதுகுக்குத் தெரியுமா?" என்றார்கள்.

டீச்சருக்கு எப்போதுமே குத்தல் பேச்சுதான். ரிட்டயர் ஆன பிறகும் பிரம்பு கையில் இருப்பதாக நினைப்பு. நான் சிரித்துக்கொண்டே மாடி ஏறிவிட்டேன்.

ஞாயிறுதோறும் நாயகத்தைப் பார்க்கப் போவேன். இதே பஸ்தான். உலகு ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "மெத்த என்னாச்சு மதினி?" வந்துகொண்டே இருக்கிறது என்பேன். அது பொய் இல்லை. விலை வந்துகொண்டேதான் இருந்தது, இறங்கி இறங்கி, என்ன, நடுவில் ஏறிவிடும். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "நான் வேணா இங்க கடையிலயே வாங்கிருதேனே மதினி" என்றாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "ஏம்ட்டி, என்னைய நம்பலையா?" என்று கேட்டேன். "அய்யோ, அப்டில்லாம் இல்ல மதினி" என்று உள்ளே போய்விட்டாள். பழைய சேலைகளை மடித்து மடித்து அவன் முதுகுக்குக் கொடுத்து வைத்திருந்தாள். பஞ்சுத் தலையணைகள். ராத்திரியும் பகலும் புரட்டிப் போடுவாள். ஆள் பாதியாகிவிட்டாள். நான்தான் சொன்னேன், நீயும் கொஞ்சம் உடம்பைப் பார் என்று.

அவனிடமும் நான் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டேன். தலைமாட்டில் உட்கார்ந்து, "வலிக்காடா தம்பி?" என்று கேட்பேன். "இல்லக்கா" என்பான். ஒரு வாரமாவது வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறானா? மெத்தை வேண்டும் என்று கேட்டிருக்கிறானா? சொல்லவில்லையே. பிறகு எனக்கு எப்படித் தெரியும்? முன்னெல்லாம் நேராகப் படுத்திருப்பான், பிறகு சுவரைப் பார்த்து ஒருக்களித்தே படுக்க ஆரம்பித்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போல என்று நானே எழுந்து போய்ச் சன்னல் கதவைச் சாத்தினேன்.

உலகுவுக்கும் அந்த நாளில் பக்தி ஜாஸ்தியாகிவிட்டது. எப்போது போனாலும் அந்த அறையில் கட்டுக் கட்டாக ஊதுபத்தி எரியும். சாம்பிராணி வேறு. "மூச்சு முட்டுது, எதுக்கு இவ்வளவு?" என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சாமிக்குத்தான் மதினி" என்றாள். கஷ்டம் வந்தால் மனுஷி சாமியைத்தானே பிடித்துக்கொள்வாள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி வந்தது. தள்ளுபடியும் போட்டான். எப்படி? பழைய விலை என்று ஒன்றை எழுதி அதைக் குறுக்கே அடித்துப் பக்கத்தில் புது விலை. போன மாதம் அடித்த விலை ஐயாயிரம். இப்போது அடித்த விலை எட்டாயிரம். அடிபடுகிற விலை ஏறுகிறது, வாங்குகிற விலை இருந்த இடத்தில் இருக்கிறது. நான் பண்டகசாலையில் இருந்தவள், என்னிடமா? சரி, சுதந்திர தினத்துக்குப் போடுவான் என்று விட்டுவிட்டேன்.

போட்டான். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் காலையில், காபி கலந்து வைத்துவிட்டுப் போனைத் திறக்கிறேன், மீன் தொட்டிக்குக் கீழே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது! அம்மா இருந்திருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள். ஒரே அமுக்கு. முடிந்தது. காபியைக்கூடக் குடிக்காமல் உலகுவுக்குப் போன் போட்டேன்.

"உலகு, விழுந்துட்டுட்டி!" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது, ஏதோ வண்டி உருளுவது கேட்டது.

"எது மதினி விழுந்துது?" என்றாள்.

"வெலை! மெத்தை வெலை! ரெண்டாயிரத்துக்கும் கீழ!"

"நாங்க பெரியாஸ்பத்திரியில இருக்கோம்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்த ஆஸ்பத்திரி இருக்கிற ஹைகிரவுண்டு எனக்குப் பக்கம்தானே. என் வீட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து படுத்திருக்கிறான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நீங்கள் யோசித்துப் பாருங்கள். முதுகுக்குக் கீழே புண் எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். காய்ச்சல் வந்து நினைவு தப்பிவிட்டதாம். செத்த சதையையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன், கவிழ்ந்து படுத்திருந்தான். தலையின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. சின்னப் பிள்ளையில் அவனுக்கு நான்தான் தலை துவட்டிவிடுவேன், அந்த இரட்டைச் சுழி எனக்குத் தெரியாதா.

உலகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ரெண்டு நாள்ல வந்திரும், வீட்டுக்குப் போகும்போது மெத்தை ரெடியா இருக்கும்" என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் அல்லவா? அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"எவ்வளவு மிச்சம் மதினி?" என்றாள்.

கேட்டாள், சொன்னேன். மருந்துக்கடை விலையோடு பார்த்தால் இரண்டாயிரத்து இருநூற்றொரு ரூபாய். அதைத்தான் சொன்னேன். கேட்டால் சொல்ல வேண்டாமா? கணக்கு சரிதானா என்று மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறவள் மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீங்க வீட்டுக்குப் போங்க மதினி" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு இன்று வரைக்கும் என்னோடு ஒரு பேச்சு கிடையாது.

நீங்களே சொல்லுங்கள். அந்தக் கம்பெனிக்காரன் நாளுக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு விலை போட்டால் அதற்கு நான் என்ன செய்வேன்? முதல் நாள் பார்த்த விலையிலேயே அவன் நின்றிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேனே. அவளுக்குக் கோபம் அவன் மேல்தானே வர வேண்டும்? ஒரு ரூபாய் எனக்காக மிச்சம் பிடித்தேனா? அந்த மிச்சத்தையும் நாயகத்துக்குப் பழமும் ஹார்லிக்ஸுமாக வாங்கிப் போட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

என்ன, ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? சன்னலைச் சாத்தட்டுமா, காற்று அடிக்கிறதா? ஆலங்குளம் தாண்டினால் இப்படித்தான், காற்றாலைக்காரர்களுக்கு நல்ல காலம்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று மார்க்கெட்டில் அவன் கூட்டாளி ஒருவர் மூலமாகத்தான் தெரிந்தது. போனேன். உலகு வாசல் நிலையில் கை வைத்து நின்றாள். "அவுக தூங்குதாவ" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தெருவைப் பார்த்துச் சொன்னாள், அதைப் பேச்சில் சேர்க்க முடியாது. நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே டுப் டுப் என்று மோட்டார் சத்தம் கேட்டது. அந்த மருந்துக்கடையிலேயே வாங்கிவிட்டிருக்கிறாள். நாலாயிரத்து இருநூறு! ஏணியில் ஏறி அதே பெட்டியை இறக்கியிருப்பார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். திரும்பினேன். படி இறங்கினேன். நடந்தேன். ரொம்ப வேகமாகவும் இல்லை, ரொம்ப மெதுவாகவும் இல்லை. தையல் கடை தாண்டினேன். செல்போன் ரீசார்ஜ் கடை தாண்டினேன். மாவு மில், சைக்கிள் கடை. நாலு கடை தாண்டியாயிற்று. "மதினி" என்று ஒரு குரல் வரும், வந்தால் உடனே திரும்பக் கூடாது, இரண்டாவது கூப்பாட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டே போகிறேன். மார்க்கெட் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது கேட்காமல் போயிருக்குமோ என்று ஒரு சந்தேகம். திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கதவு சாத்தியிருந்தது.

திரும்பிப் பார்த்ததுதான் தப்பு. அங்கேதான் தோற்றேன். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். கதவுக்குப் பின்னால் நின்று சாவி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள், நான் திரும்பியதும் இவளுக்கு வேண்டும் என்று தெரிந்துபோயிற்று, கூப்பிட வந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து நாளாயிற்று. இன்னும் பிரிக்கவில்லை. "திருப்பி அனுப்பிருங்க அக்கா, நாள் இருக்கு" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எப்படி அனுப்புவது? இந்த விலைக்கு இனிமேல் கிடைக்குமா? இப்போது அந்த நாளும் தாண்டிவிட்டது. இரண்டு மெத்தை இருந்தால் என்ன குடியா முழுகிவிடும்? ஒன்று கெட்டால் ஒன்று. பெட்டி மேலேயே அவன் பெயர் போடச் சொல்லித்தான் ஆர்டர் போட்டேன், இதோ பாருங்கள், கோமதிநாயகம்.

உங்கள் கையில் போன் இருக்கிறதே. ஒரு உதவி. இதன் பெயரைப் போட்டு இப்போது என்ன விலை என்று பாருங்களேன். என் போன் வேண்டாம், அதற்கு என்னைத் தெரியும். நீங்கள் புதிது. சும்மா பாருங்கள். உங்களுக்கு வேண்டாம் என்கிற மாதிரியே பாருங்கள்.

எவ்வளவு?

ஆயிரத்து அறுநூற்றைம்பதா? நன்றாகப் பாருங்கள், அதே படம்தானா? அந்த நீலக் கோடு இருக்கிறதா? மோட்டார் உண்டா?

அப்படியானால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இல்லை. ஒன்றும் இல்லை. போனை வைத்துவிடுங்கள். ரொம்ப நேரம் பார்த்தால் ஏறிவிடும். நான் என்ன சொன்னேன்? பொறுத்திருக்கலாம் என்றா சொன்னேன்? வாய் பழக்கம். நீங்கள் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அந்தக் கடைக்காரர் ஏணியில் நின்று பார்த்த மாதிரியே இருக்கிறது.

சத்திரம் வந்துவிட்டது. அந்தக் கொடிக்கம்பத்துக்கு அடுத்து உள்ளே போகிறதே, அந்தத் தெரு. என்ன செய்யப்போகிறேன் என்று யோசித்து வைத்துவிட்டேன். வாசலில் இந்தப் பெட்டியை வைப்பேன். கதவைத் தட்டமாட்டேன். நாயகத்துக்குக் கேட்கிற மாதிரி ஒரு தடவை செருமுவேன், என் செருமல் அவனுக்குத் தெரியும். பிறகு ஒன்றும் பேசாமல் நடந்துவிடுவேன். அவள் கூப்பிடாவிட்டால் போகிறாள். அவன் கூப்பிடுவான். பேச்சு கொழகொழத்தாலும் எக்கா என்பது அவனுக்குத் தெளிவாக வரும். வேண்டியதை மறைக்கத் தெரியாத பிள்ளை அது. எத்தனை கிள்ளினாலும் அதன் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தடவை திரும்பமாட்டேன். தையல் கடை, ரீசார்ஜ் கடை, மாவு மில், எது தாண்டினாலும் சரி. லாரி ஹாரன் அடித்தாலும் சரி.

ஒன்றே ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் போனால், பின்னால் கதவு திறந்ததா என்று எனக்கு யார் சொல்வது? உங்கள் சன்னலிலிருந்து அந்தத் தெரு தெரியும். பஸ் இங்கே கொஞ்ச நேரம் நிற்கும், டீ குடித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டே இருங்கள் அம்மா. திறந்தால் கையை ஆட்டுங்கள்.

இல்லை, வேண்டாம். உங்கள் கை தெரிய வேண்டுமானால் நான் திரும்ப வேண்டுமே.

பெட்டியை ஒரு நிமிஷம் பிடியுங்கள். நான் இறங்கிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன்.